சாமர்த்தியமா பண்ணியிருக்கான்

கதவு சாத்தப்பட்ட சத்தம் கேட்கவில்லை. அந்த அறையின் விசேஷமே அதுதான்.

விளக்கு அணைந்தபோதுதான் ஒட்டடைக்கு உறைத்தது. இருட்டில் கையை நீட்டிக் கதவைத் தேடிப் பிடித்தான். மெத்தை தைத்த கனத்த கதவு. தலையணையைத் தள்ளுவது போல இருந்தது. தள்ளினான். இழுத்தான். பிறகு முதலிலிருந்து இன்னொரு முறை தள்ளி, இழுத்துப் பார்த்தான். எதையும் இரண்டு தடவை சரிபார்க்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"அக்கா."

"ம்."

"வெளியில பூட்டிட்டாங்க."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நீ ரெண்டாவது தடவை இழுத்தியே, அப்ப."

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. தெரிந்தவர்கள் எல்லாம் அவளை அகராதி என்றுதான் சொல்வார்கள். பல வருஷம் ஓர் அகராதி அலுவலகத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லையும் யார், எப்போது, யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று அட்டை எழுதிக்கொண்டிருந்தவள். அலுவலகத்தை இழுத்து மூடியதும் துப்பறிய வந்துவிட்டாள். பட்டப்பெயரைக் கேட்டுச் சிலர் திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொள்வது உண்டு. அவளோடு கொஞ்ச நேரம் பேசியவர்கள் அதுவும் சரிதான் என்பார்கள்.

ஒட்டடைக்கு விளக்கம் தேவையில்லை. எழுந்து நின்றால் மின்விசிறிக்குத் தலை தட்டும். பக்கவாட்டில் திரும்பினால் ஆளே தெரியாது. அகராதியிடம் உதவியாளனாகச் சேர்ந்த நாளிலிருந்து அவனுக்கு ஒரு சந்தேகம் உண்டு: தான் இந்த வேலைக்கு லாயக்குதானா? இன்றைக்கு அந்தச் சந்தேகம் பாதி தீர்ந்துவிட்டது. லாயக்கான ஆள், பின்னாலேயே வந்த பெண் கதவைச் சாத்துவதைக் கவனித்திருப்பான்.

"யாராவது இந்தப் பக்கம் வருவாங்க. தட்டினா திறப்பாங்க" என்றான்.

"தட்டு."

தட்டினான். கை வலித்ததே தவிர, மெத்தை ஒரு முனகல்கூட விடவில்லை.

அது ஒரு டப்பிங் ஸ்டூடியோ. அந்நிய மொழித் தொடர்களுக்கு நம் குரல் கொடுக்கும் இடம். குரல் பதிவாகும் அந்த அறைக்குள் வெளிச்சத்தம் வராது. உள்சத்தம் வெளியே போகாது. கதவுக்கு மேலே வெளிப்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு. அது எரிந்தால் உள்ளே பதிவு நடக்கிறது என்று அர்த்தம். எரியும்போது யாரும் கதவைத் தொடக்கூடாது. முதலாளியே ஆனாலும், தலை போகிற அவசரமே ஆனாலும், அணையும் வரை வெளியே காத்திருக்க வேண்டும். அதனால் அந்த நடைக்கூடத்தில் எல்லோரும் பூனை மாதிரி நடப்பார்கள். கோடியில் இருந்த சின்ன அறையின் விளக்கு எரிவதைப் பார்த்து, இவர்கள் இரண்டு பேரும்கூட வரும்போது குதிகாலைத் தூக்கிக்கொண்டுதான் நடந்தார்கள்.

"இப்ப இந்த ரூமுக்கும் விளக்கைப் போட்டிருப்பாங்க" என்றாள் அகராதி. "நாம உள்ள செத்தே கிடந்தாலும், பதிவு நல்லபடியா போயிட்டிருக்குன்னு நினைச்சுக்குவாங்க."

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க அக்கா. ஏசி வேற நின்னுடுச்சு. செத்துக் கிடக்கறதுக்கு முன்னாடி வெந்துடுவோம் போல."

ஃபோன் இல்லை. அறைக்குள் போகிறவர்கள் ஃபோன், கைக்கடிகாரம், வளையல் எல்லாவற்றையும் வாசலில் உள்ள கூடையில் போட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். எதன் சத்தமும் மைக்கில் விழக்கூடாதாம். முதலாளியின் மகள்தான் கூடையை நீட்டினாள். ஸ்டூடியோவின் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். சாந்தமான முகம். "அலமாரியைப் பார்க்கணும்னு சொன்னீங்களே மேடம், வாங்க" என்று அழைத்துவந்து விட்டுவிட்டுப் போனவளும் அவள்தான்.

இந்த அறையின் மூலையில் இருந்த அந்த அலமாரியிலிருந்துதான் டிஸ்க் காணாமல் போயிருந்தது.

அது சாதாரண டிஸ்க் இல்லை. ஒரு தொடரின் கடைசிப் பகுதிகள் முழுக்க அதில் இருந்தன. கதாநாயகிக்குக் குரல் கொடுத்த அம்மாள் பதிவு முடிந்த கையோடு தொண்டை அறுவை சிகிச்சைக்குப் போனார். இனிமேல் அவர் பேச முடியாது. வேறு பிரதியும் கிடையாது, இன்னொரு முறை பதிவு செய்யலாம் என்பதற்கும் இடமே இல்லை.

பழி விழுந்தது சவுண்ட் இன்ஜினியர் தலையில். அந்த ஸ்டூடியோவில் இயந்திரத்தைத் தொடுகிற ஒரே ஆள் அவர். டிஸ்க் போன அன்று மத்தியானம் முழுக்க இந்த அறையின் விளக்கு எரிந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். விளக்கு எரிந்தால் உள்ளே இன்ஜினியர் இருக்கிறார் என்றுதானே பொருள்? விளக்கு அணைந்தபோது அலமாரி காலி. "நான் மொட்டை மாடியில இருந்தேன்" என்று அவர் சொன்னார். மாடியில் அவரைப் பார்த்தவர் யாருமில்லை.

முதலாளி போலீசுக்குப் போகவில்லை. பெரிய மனசு பண்ணினார். வேறு ஸ்டூடியோவில் வேலை கிடைத்து அடுத்த வாரம் கிளம்ப இருந்த இன்ஜினியரிடம், "போலீஸ் வேண்டாம். ஆனா நஷ்டத்தை நீதான் உழைச்சுத் தீர்க்கணும். அஞ்சு வருஷம் இங்கேயே இருக்கறதா எழுதிக் கொடு" என்றார். இன்று சாயங்காலம் கையெழுத்து. இன்ஜினியரின் மனைவி காலையில் அகராதியின் வீட்டு வாசலில் நின்று சொன்னது ஒட்டடைக்கு இன்னும் காதிலேயே இருந்தது: "அவர் எடுக்கலம்மா. ஆனா பயத்துல கையெழுத்துப் போட்டுடுவார். போட்டுட்டார்னா, எடுத்தேன்னு அவரே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அப்புறம் அஞ்சு வருஷம் இல்ல, ஆயுசு முழுக்க அந்த ஆள் காலடியிலதான்."

சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது. அதைத் தடுக்க வேண்டியவர்கள் இருட்டில் வியர்வை வடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என் கணக்குல வசனம் எழுதறவர்தான் அக்கா" என்றான் ஒட்டடை. "அந்த ஆள் கண்ணைப் பார்த்தீங்களா? வாடகை வீட்டுல இருக்கற மாதிரி, ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்குது."

"கண்ணை விடு. மத்தியானம் நாம விசாரிச்சப்ப திருடினவனைப் பத்தி அவர் என்ன சொன்னார்? அப்படியே சொல்லு."

ஒட்டடைக்கு இருந்த ஒரே சொத்து அதுதான். ஒருவர் பேசினால் குரலோடு திருப்பிச் சொல்லிவிடுவான். வசனகர்த்தாவின் மூக்கடைத்த குரலில் ஆரம்பித்தான்:

"'குயுக்தி மேடம், சுத்தக் குயுக்தி! விளக்கைப் போட்டு ஊரையே வெளியில நிக்க வெச்சிருக்கான் பாருங்க. நம்ம சவுண்ட் தம்பிக்கு அவ்வளவு குயுக்தி கிடையாது. அவருக்கு டீயில சர்க்கரை கம்மின்னு சொல்லவே தைரியம் வராது.'"

"நல்லது. அவர் இல்ல. முதலாளி?"

"அவர் இல்லைன்னு எப்படி..."

"முதலாளி என்ன சொன்னார்?"

ஒட்டடை தொண்டையைச் செருமி, குரலில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டான். "'என்னத்தைச் சொல்றது மேடம். விளக்கைப் போட்டுட்டு, ஒரு ஈ காக்கா உள்ள வராம, சாமர்த்தியமா பண்ணியிருக்கான்.'"

"எந்த முகத்தோட சொன்னார்?"

"சிரிச்ச முகம். இல்லல்ல, உதடு சிரிக்கல. கன்னம் மட்டும் சிரிச்சுது. பையன் பாஸ் பண்ணிட்டான்னு வெளியில சொல்லிக்க வெட்கப்படுவாங்களே, அந்த மாதிரி."

அகராதியின் குரல் இப்போது வேறு பக்கத்திலிருந்து வந்தது, நடக்கத் தொடங்கியிருந்தாள்.

"சாமர்த்தியம்ங்கற சொல்லுக்கு எங்க ஆபீஸ்ல ஒரு கட்டு அட்டை இருந்துச்சு. ரொம்ப வம்பு பிடிச்ச சொல்லு. 'என் பொண்ணு சாமர்த்தியசாலி'ன்னா பாராட்டு. 'என் மருமக சாமர்த்தியசாலி'ன்னா புகார். 'உன் சாமர்த்தியத்தை என்கிட்ட காட்டாதே'ன்னா சண்டைக்கு ஆரம்பம். சொல்லு ஒண்ணுதான். சொல்ற ஆளும் சொல்லப்படற ஆளும் மாறினா எடை மாறிடும்."

"சரி."

"வசனகர்த்தா சொன்ன குயுக்தி சுத்த வசவு, தான் செஞ்சதை யாரும் அப்படிச் சொல்லிக்க மாட்டாங்க. வீட்டுல களவு போனவன் என்ன சொல்லுவான்? திருட்டுப்பயம்பான். களவாணிம்பான். நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டாம்பான். பல்லைக் கடிச்சுக்கிட்டு, 'பெரிய சாமர்த்தியம்தான்'னு சொன்னாலும் சொல்லுவான். ஆனா கன்னம் சிரிக்காது. கோபமே இல்லாம, வாய்க்கு ருசியா அந்தச் சொல்லு வர்றது ரெண்டு பேரைப் பத்தித்தான். ஒண்ணு, தன்னைப் பத்தி. இல்லேன்னா, தான் பெத்ததைப் பத்தி."

ஒட்டடைக்குக் கழுத்தில் ஓடிய வியர்வை சில்லிட்டது. "அந்தப் பொண்ணு!"

"அலமாரி காட்டறேன்னு நம்மளைக் கூட்டிட்டு வந்தது யாரு?"

"கூடையை நீட்டினதும் அவதான். முகத்தைப் பார்த்தா இந்தப் பூனையும் பால் குடிக்குமாங்கற மாதிரி இருக்கா. அடேங்கப்பா!"

"பொண்ணு திருடியிருக்கா, அப்பனுக்குத் தெரிஞ்சிருக்கு, தெரிஞ்சு பெருமைப்படறான். திருட்டுப் போன டிஸ்க்கை விட, திருட்டுப் போச்சுங்கற பேச்சுதான் அவங்களுக்கு லாபம். இருக்கற ஒரே இன்ஜினியரைக் கட்டிப்போட வேற என்ன கயிறு வேணும்?"

எல்லாம் பொருந்தியது. பொருந்தியது என்பதாலேயே ஒட்டடைக்குக் கொஞ்சம் உதைத்தது. ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவனுக்கு எல்லாமே கொஞ்சம் உதைக்கும்.

அப்போதுதான் எதிர்ச் சுவரில் பட்டையாக ஒரு வெளிச்சம் விழுந்தது.

அது சுவர் இல்லை, கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் உட்காரும் கட்டுப்பாட்டு அறை. அங்கே யாரோ விளக்கைப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் திரை இழுத்து விடப்பட்டிருந்தது. ஓரத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு மூடாமல் விட்டிருந்தது. இருவரும் அந்த இடுக்கில் கண்ணை வைத்தார்கள். ஒட்டடை மேலே, அகராதி கீழே.

மேசை முழுக்கப் பொத்தான்களாக இருந்த பெரிய இயந்திரம். அதன் முன்னால், தன் வழக்கமான நாற்காலியில், ஆனால் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றிய பிள்ளை மாதிரி, இன்ஜினியர். அவருடைய கையில் பேனா. பின்னால் மனைவி, சுவரோடு ஒட்டி நின்றாள். முதலாளி இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு தாளைப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தார். வாய் அசைந்தது, ஒரு சொல் கேட்கவில்லை. அவருடைய மகள் இயந்திரத்தின் மேல் சாய்ந்தாற்போல் நின்றிருந்தாள்.

"அய்யய்யோ, ஆரம்பிச்சுட்டாங்க!" ஒட்டடை கண்ணாடியை அறைந்தான். யாரும் திரும்பவில்லை. "நாம கத்தறது கேட்கல, கையை ஆட்டினாலும் இருட்டுல தெரியாது. மீன் தொட்டிக்குள்ள மீனுக்காவது மரியாதை உண்டு, யாராவது நின்னு பார்ப்பாங்க."

"பேச்சை நிறுத்து. யோசிக்கவிடு."

"அக்கா, ஒண்ணு சொல்லலாமா வேண்டாமான்னு ரொம்ப நேரமா... தப்பா இருந்தா திட்டக்கூடாது."

"சொல்லித் தொலை."

"நாம வர்றப்ப கோடியில ஒரு சின்ன ரூமுக்கு விளக்கு எரிஞ்சுதே."

"ஆமா."

"அப்ப இன்ஜினியர் நடைக்கூடத்துல நமக்கு எதிர்ல ஸ்டூல்ல கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தார். மெஷினைத் தொடறது அவர் ஒருத்தர்தானே. அப்ப அந்த ரூம்ல பதிவு பண்றது யாரு?"

அகராதி கீழேயிருந்து அவனுடைய முழங்கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினாள். அவளிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு யாரும் வாங்கியதில்லை.

"டிஸ்க் அங்கதான்டா இருக்கு. பூட்டே வேண்டாம், காவலே வேண்டாம். ஒரு விளக்கு போதும். அத்தனை பேரும் தினம் அதைத் தாண்டி நடக்கறாங்க, சத்தம் போடாம வேற நடக்கறாங்க. இன்ஜினியரும்தான்! தான் இல்லாம பதிவு நடக்காதுன்னு தெரிஞ்ச மனுஷன்."

"பழக்கம் அக்கா. விளக்கைப் பார்த்தா கால் தானா மெதுவாயிடும் போல."

கண்ணாடிக்கு அப்பால் முதலாளி படித்து முடித்துவிட்டார். தாளை இன்ஜினியர் பக்கம் திருப்பி, விரலால் ஓர் இடத்தைக் காட்டினார்.

ஒட்டடைக்கு ரத்தம் தலைக்கேறியது. பின்னால் நகர்ந்து, ஒரு காலைத் தூக்கி, கண்ணாடியை ஓங்கி உதைத்தான். கண்ணாடி அசையவில்லை. அவனுடைய கட்டைவிரல்தான் அசைந்தது. "ஐயோ, அம்மா!" என்று அலறிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"இன்னொரு தடவை கத்து" என்றாள் அகராதி.

"இங்க ஒருத்தன் விரல் போச்சுன்னு..."

"கத்துடா!"

"அம்மா!"

"அங்க பாரு."

நொண்டிக்கொண்டு வந்து பார்த்தான். இயந்திரத்தின் நடுவில் சின்னச் சின்னப் பச்சைப் புள்ளிகள் ஒரு வரிசை ஏறி, இறங்கி, அணைந்தன. ஒட்டடை வாயை மூடினான். இருட்டு. "அ" என்றான். ஒரு புள்ளி. "ஆ" என்றான். மூன்று புள்ளி. மறுபடியும் வாயை மூடினான். இருட்டு. இன்னொரு முறை "அ".

"உயிரெழுத்து முழுசும் சொல்லி முடிக்கணுமா உனக்கு? மைக் உயிரோட இருக்கு. ஸ்பீக்கரைத்தான் அடைச்சிருக்காங்க."

அறை நடுவில் நின்ற மைக்கைத் தடவிப் பிடித்து, அகராதி அதன் முகத்தில் விரலால் தட்டினாள். டொக், டொக், டொக். இடுக்கு வழியாக ஒட்டடை பார்த்துக்கொண்டிருந்தான். பச்சை துள்ளியது. முதலாளிக்கு முதுகுப்பக்கம், தெரியாது. இன்ஜினியருக்குத் தெரிய வேண்டும், ஆனால் நடுவில் அந்தப் பெண்.

"மறைச்சுக்கிட்டு நிக்கறா அக்கா! வேணும்னே நிக்கறா. தட்டுங்க, விடாதீங்க."

டொக், டொக், டொக்.

பேனா தாளைத் தொட்டது. அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுக்கிற மாதிரி அப்பாவின் பக்கம் ஓர் எட்டு நகர்ந்தாள். இன்ஜினியரின் கண் பச்சைப் புள்ளிகளின் மேல் விழுந்தது.

அதன் பிறகு நடந்ததை ஒட்டடை பலரிடம் பலமுறை சொல்லியிருக்கிறான். அந்த மனிதர் யோசித்துச் செய்யவில்லை. ஆளில்லாத அறையில் மைக் துள்ளினால் ஒரு சவுண்ட் இன்ஜினியரின் கை எங்கே போகுமோ அங்கே போனது. கல்யாணப் பந்தலில் உட்கார்ந்திருந்தாலும் போயிருக்கும். பேனாவைக் கீழே வைத்தார். ஹெட்ஃபோனை எடுத்து ஒரு காதில் வைத்தார்.

"வெச்சுட்டார்! பேசுங்க!"

அகராதி மைக்கில் உதட்டை வைத்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வைத்தாள். "தம்பி, இந்தப் பக்கம் திரும்பாதீங்க. கையெழுத்துப் போடாதீங்க. ஒரே ஒரு கேள்வி. நீங்க இங்க உட்கார்ந்திருக்கீங்க. கோடி ரூம்ல விளக்கு எரியுது. உள்ள யாரு பதிவு பண்றாங்க?"

இன்ஜினியர் ஹெட்ஃபோனைக் கழற்றி, அதன் கொக்கியில் ஒழுங்காக மாட்டிவிட்டு, எழுந்தார். முதலாளி ஏதோ கேட்டார். அவர் வாசல் பக்கம் போய் மறைந்தார். மனைவி பின்னால் ஓடினாள். முதலாளியும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடினார், மகளும் பின்னாலேயே.

அறை காலியாகிவிட்டது. இடுக்கில் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

"இனிமே?" என்றான் ஒட்டடை.

"காத்திருக்கணும்."

அதுவரை இருந்ததைவிட அதுதான் மோசம். வெளியே அடிதடியே நடந்தாலும் இங்கே தெரியாது. தன் மூச்சு தனக்கே இரைச்சலாகக் கேட்டது. ஒருவேளை அந்தச் சின்ன அறையில் உண்மையிலேயே யாராவது உட்கார்ந்து ஏதாவது செய்துகொண்டிருந்தால்? விளக்கு பழுதாகி எரிந்திருந்தால்? தன் பேச்சை நம்பி ஒரு மனிதர் கையெழுத்தை நிறுத்தியிருக்கிறார் என்று நினைத்தபோது ஒட்டடை நொண்டிக்கொண்டே போய்க் கதவை மறுபடியும் தள்ளி, இழுத்துப் பார்த்தான்.

கதவு திறந்த சத்தமும் கேட்கவில்லை. வெளிச்சம்தான் வந்தது. வெளிச்சத்தில் முதலாளியின் மகள் நின்றாள்.

"சீக்கிரம் வாங்க மேடம்" என்றாள்.

"ஏம்மா, நீதானே எங்களை..."

"அப்புறம் திட்டுங்க சார். இப்ப வாங்க."

நடைக்கூடத்தின் கோடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே இன்ஜினியர் கைப்பிடியில் கை வைத்தபடி நின்றார். கை திருகவில்லை. இத்தனை வருஷ வேலையில் எரிகிற விளக்குக்குக் கீழே அவர் ஒரு கதவைத் திறந்ததில்லை. முதலாளி மூச்சிரைக்க வந்து, "விளக்கு எரியுது, கண்ணு தெரியலையா? உள்ள பதிவு நடக்குது!" என்றார். அவ்வளவுதான், கை கைப்பிடியிலிருந்து நழுவியே விட்டது.

"தள்ளுங்க" என்றாள் மனைவி. அவளுக்கு அந்த ஸ்டூடியோவின் சட்டம் ஒன்றும் தெரியாது. சமையலறைக் கதவைத் தள்ளுகிற மாதிரி தோளால் ஒரு இடி.

உள்ளே ஒரு நாற்காலி. நாற்காலியின் மேல் ஒரு துணிப்பை. பைக்குள் டிஸ்க்.

இன்ஜினியர் பையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மனைவி அவரைப் பார்க்கவில்லை, முதலாளியைத்தான் பார்த்தாள்.

"இது... இது எப்படி இங்க வந்துச்சு?" என்றார் முதலாளி.

"உங்களுக்குத் தெரியும் சார்" என்றாள் அகராதி. "மத்தியானம் நீங்களே பெருமையா சொன்னீங்க, சாமர்த்தியமா பண்ணியிருக்கான்னு. களவு கொடுத்தவர் வாயில அந்தச் சொல்லு அவ்வளவு இனிப்பா வராது. பெத்த பொண்ணு செஞ்சாத்தான் வரும்." அவள் பக்கத்தில் நின்றவளைக் காட்டினாள். "அன்னிக்கு விளக்கைப் போட்டதும் இவதான். இன்னிக்கு எங்களைப் பூட்டினதும் இவதான்."

அந்தப் பெண் அகராதியை ஒரு மாதிரிப் பார்த்தாள். சிரிப்பா அழுகையா என்று ஒட்டடைக்குத் தெரியவில்லை.

"பாதி தப்பு மேடம். எங்க அப்பா என்னைப் பத்தி ஒரு நாளும் அந்த வார்த்தை சொன்னதில்ல. அவர் சொன்னது அவரைப் பத்தித்தான்."

அவள் கோடி அறையின் விளக்கை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கு இன்ஜினியர் அண்ணன் மாடிக்குப் போனதும் விளக்கைப் போட்டது அவரு. பையை இங்க கொண்டுவந்து வெச்சதும் அவரு. இன்னிக்கு என்னைக் கூப்பிட்டு, கையெழுத்து ஆகற வரைக்கும் இவங்க ரெண்டு பேரையும் ஸ்டோர் ரூம்ல போட்டுப் பூட்டுன்னார். நான் பூட்டினேன். ஆனா ஸ்டோர் ரூம்ல இல்ல."

வாழ்க்கையில் முதல் தடவையாக அகராதிக்குச் சொல் கிடைக்கவில்லை என்று ஒட்டடை நினைத்துக்கொண்டான். சந்தர்ப்பத்தை அவன் விடவில்லை.

"மைக்கை நீதான் போட்டியா?"

"ஆமா சார். அண்ணன்தான் மெஷின் வேலை கத்துக்கொடுத்தார், அப்பாவுக்குத் தெரியாம."

"லைட்டை ஏன் அணைச்ச?"

"எரிஞ்சா கண்ணாடி வழியா அப்பா உங்களைப் பார்த்துடுவாரே."

"திரையில இடுக்கு?"

"நீங்க பார்க்கணுமே. அப்பா திரும்பினா பச்சைப் புள்ளி தெரிஞ்சுடுமேன்னுதான் முதல்ல மறைச்சு நின்னேன்."

"எல்லாம் சரி தாயே, ஏசியை ஏன் நிறுத்தின? உருகிட்டோம்!"

"அந்தச் சத்தம் மைக்ல விழும் சார்" என்றாள், இதுகூடத் தெரியாதா என்பது போல.

"நேராவே சொல்லியிருக்கலாமேம்மா" என்றாள் இன்ஜினியரின் மனைவி.

"நான் சொன்னா சின்னப் பொண்ணு உளர்றான்னு அவர் ஒரே வார்த்தையில முடிச்சுடுவார் அக்கா. டிஸ்க்கையும் இடம் மாத்திடுவார். உங்க வீட்டுக்காரர் காதுக்கு மட்டும், அதுவும் அவர் நம்பற வழியில போகணும். வேற வழி எனக்குத் தெரியல." சற்று நிறுத்தினாள். "அண்ணன் போயிட்டா அடுத்து அந்த நாற்காலியில அப்பா என்னைத்தான் கட்டிப்போடுவார்னு தெரிஞ்சேதான் செஞ்சேன்."

முதலாளிக்கு இப்போதுதான் குரல் வந்தது. முகம் முழுக்கச் சிவந்திருந்தது. கன்னத்தில் சிரிப்பின் தடயமே இல்லை.

"குயுக்தி பிடிச்சவளே! சோறு போட்டு வளர்த்த அப்பனையே... எங்கேடி கத்துக்கிட்ட இந்தக் குயுக்தியை?"

"வீட்டுலதான்பா."

இன்ஜினியர் அந்தத் தாளைத் தேடிப் போகவில்லை. டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் அதன் இடத்தில் வைத்து, சாவியை முதலாளியின் கையில் திணித்தார். "குரல் கொடுத்த அம்மாவோடது சார் அது. பத்திரமா வெச்சுக்கங்க" என்றார். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். குதிகால் தரையில் பட, நன்றாகச் சத்தம் கேட்க நடந்தார்.

வரவேற்பு மேசையில் அந்தப் பெண் நின்றபடியே தொலைபேசியை எடுத்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. அப்பா நடைக்கூடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"வணக்கம் சார். உங்ககிட்ட புதுசா சேரப்போற சவுண்ட் இன்ஜினியர் பத்திப் பேசறேன். ஆமா, சொன்ன தேதிக்கு வர்றார். கூட ஒரு அசிஸ்டென்ட் தேவைப்படுமா சார்?... நான்தான்... மெஷின் தெரியும்." அவள் குரல் ஒரு கணம் தடுக்கியது. "அனுபவமா?"

அகராதியை நிமிர்ந்து பார்த்தாள். அகராதி தலையை ஆட்டினாள், சொல்லு என்பது போல.

"இன்னிக்குத்தான் சார் முதல் தடவையா தனியா ஒரு வேலை பண்ணேன்" என்றாள் அவள். "ரெண்டு பேர் குரல். ஒத்திகையே கிடையாது. ஒரே டேக்ல முடிஞ்சுது."